கோரையின் உள்வளையம்

கோரைத் தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்தால் பெரும்பாலும் உருளாது. மூன்று விளிம்பும் விரலில் இடறும். கணு எதுவும் தட்டுப்படாது. அடியிலிருந்து பூக்கொத்து வரைக்கும் தண்டு ஒரே நீளமாக ஓடும். இலைகள் மூன்று திசையில் அடுக்கி நிற்கும், இலையடி தண்டைச் சுற்றி மூடியிருக்கும். புல்லுக்கு இலை இரண்டு திசைதான். அதன் இலையடி பொதுவாக ஒரு பக்கம் பிளந்திருக்கும், தண்டில் கணு உண்டு. இவ்வளவு தெரிந்தால் நெல்லுக்கு நடுவே நிற்கிற கோரையைப் பிரித்துவிடலாம். களையெடுத்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சோதனைகூட வேண்டாம்.

கோரைக்கும் கோரைக்கும் வேற்றுமை சொல்வதுதான் கடினம். கோரைக் குடும்பத்தில் சுமார் 5,500 இனங்கள் இருக்கின்றன. 2021-இல் வெளியான வகைப்பாடு அவற்றை 95 பேரினங்களில் அடக்குகிறது. இத்தனை இனங்களுக்கும் பூ என்று காட்ட இருப்பது மிகக் கொஞ்சம். நிறமுள்ள இதழ் கிடையாது. ஓர் உமி, அதன் கக்கத்தில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மகரந்தத்தாள், ஒரு சூலகம், இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்த சூலகமுடி. பலவற்றில் அவ்வளவுதான். லின்னேயஸ் 1753-இல் சைபரஸ், சிர்பஸ், கேரெக்ஸ், ஷீனஸ் என்று சில பேரினங்களை வகுத்துவைத்தார். பின்னால் வந்தவர்கள் உமி இரண்டு வரிசையா சுருள் வரிசையா, கொட்டை முப்பட்டையா தட்டையா, சூல்தண்டின் அடி உதிருமா தங்குமா என்று இந்தச் சிறு உறுப்புகளையே திரும்பத் திரும்பப் பார்த்து மேலும் மேலும் பிரித்தார்கள். அது பெரிய உழைப்பு. ஆனால் பார்ப்பதற்கு உறுப்பு குறைவாக இருக்கும்போது, ஒரே மாற்றம் தொலைவான இரண்டு கிளைகளில் தனித்தனியே நேர்ந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் போகிறது. உறவில்லாதவை ஒரே பெயருக்குள் சேரும், நெருங்கிய உறவுகள் பிரிந்து நிற்கும். கோரைக் குடும்பத்தில் இந்த இரண்டும் நடந்தன.

பூவை விட்டுவிட்டு இலையையும் தண்டையும் குறுக்காகச் சீவி, உள்ளே இருக்கிற ஒழுங்கைப் பார்த்தவர்கள் சிலர் உண்டு. அவர்கள் கண்டதை நான் செடிகளின் வகைப்பாட்டிலேயே மிக அழகான சான்று என்று நினைக்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு நெல்வயலே போதும்.

காவிரிப் படுகையில் நடவு முடிந்த வயலில் மூன்று கோரைகளை அருகருகே காணலாம். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால் தாவரவியல் பெயரிலேயே சொல்கிறேன். ஒன்று சைபரஸ் டிஃபார்மிஸ். சிறுகதிர்கள் நெருங்கி உருண்டைத் தலைகளாகத் திரண்டிருக்கும். இரண்டாவது சைபரஸ் இரியா. மஞ்சள் கலந்த சிறுகதிர்கள் நீண்ட கிளைகளில் தளர்வாக விரிந்திருக்கும். மூன்றாவது ஃபிம்ப்ரிஸ்டைலிஸ் லிட்டோராலிஸ். அதன் இலையடிகள் பக்கவாட்டில் தட்டையாகி ஒன்றையொன்று கவ்வி நிற்கும், சிறுகதிர்கள் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாத செம்பழுப்பு உருண்டைகள். வெளித்தோற்றத்தில் முதல் இரண்டும் சைபரஸ், மூன்றாவது வேறு பேரினம். 1935, 36-ஆம் ஆண்டுகளில் சைபரஸுக்கு விரிவான நூல் எழுதிய ஜெர்மானியர் கியூக்கென்டாலும் பூவை வைத்துப் பார்த்து டிஃபார்மிஸையும் இரியாவையும் ஒரே துணைப்பேரினத்துக்குள்தான் வைத்தார்.

இப்போது மூன்றின் இலையையும் நடு நீளத்தில் குறுக்கே சீவுவோம். கேரட் துண்டில் பிளவு போட்டு, அதற்குள் இலையைச் செருகி, புது பிளேடால் மெல்லிசாக இழுத்தால் போதும். சாஃப்ரனின் சாயம் ஒரு சொட்டு. கடினமான சுவர்கள் சிவக்கும், மற்றவை வெளிறி நிற்கும். சாயமே போடாமல் பச்சையாகப் பார்ப்பதும் நல்லது. பசுங்கணிகங்கள் எந்த இடத்தில் குவிந்திருக்கின்றன என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

டிஃபார்மிஸ் இலையில் ஒவ்வொரு சாற்றுக்குழாய்க் கற்றையையும் இரண்டு வளையங்கள் சூழ்ந்திருக்கும். உள்வளையத்தின் செல்கள் சிறியவை, சுவர் தடித்தவை, பச்சை இல்லாதவை. இதற்கு மெஸ்டோம் உறை என்று பெயர். வெளிவளையத்தின் செல்கள் பெரியவை, சுவர் மெலிந்தவை. அதற்கு அப்பால் பசுந்திசு தனி ஒழுங்கு எதுவுமில்லாமல் கற்றைகளுக்கு நடுவே பரவிக்கிடக்கும். நெல் இலையிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான்.

இரியாவின் இலையிலும் வளையம் இரண்டுதான். ஆனால் வரிசை வேறு. மெஸ்டோம் உறை இங்கே வெளிவளையமாகிவிட்டது. அதற்கு உள்ளே, சைலத்தையும் ஃபுளோயத்தையும் ஒட்டிக்கொண்டு, பசுங்கணிகங்கள் செறிந்த செல்களின் வளையம் ஒன்று இருக்கிறது. இலையிலேயே மிக அடர்ந்த பச்சை அங்கேதான். பசுமையே இருக்கத் தேவையில்லாத இடம் அது. வெளிச்சத்துக்கும் தொலைவு, இலைத்துளைக்கும் தொலைவு. இந்த உள்வளையத்தைத்தான் கிரான்ஸ் வளையம் என்கிறோம். மெஸ்டோம் உறைக்கு வெளியே இருக்கிற பசுந்திசு செல்களும் சும்மா பரவிக்கிடக்கவில்லை. கற்றையை நோக்கி ஆரைகளாக நின்று அதைச் சூழ்ந்திருக்கின்றன. கற்றைகளும் நெருங்கி நெருங்கி அமைந்திருக்கின்றன. எந்தப் பசுந்திசு செல்லை எடுத்துக்கொண்டாலும் அதற்கும் கிரான்ஸ் வளையத்துக்கும் நடுவே இன்னொரு பசுந்திசு செல்லுக்கு மேல் இருக்காது. புல் இலைகளை அளந்து ஹாட்டர்ஸ்லியும் வாட்சனும் 1975-இல் இந்த அளவைச் சொன்னார்கள். கோரை இலைக்கும் அது பொருந்துகிறது.

ஃபிம்ப்ரிஸ்டைலிஸுக்கு வந்தால் வளையம் மூன்று. உள்ளே பச்சைக் கிரான்ஸ் வளையம், நடுவில் மெஸ்டோம் உறை, வெளியே சுவர் மெலிந்த, பசுமை குறைந்த இன்னொரு வளையம். இரியாவில் மறைந்துபோன வெளியுறை இங்கே அப்படியே தங்கியிருக்கிறது.

இதில் ரசிக்க நிறைய இருக்கிறது. மக்காச்சோள இலையிலும் கரும்பு இலையிலும் கிரான்ஸ் வளையம் உண்டு, ஆனால் அங்கே கற்றையைச் சூழ்வது ஒரே உறை. கேழ்வரகில் இரண்டு உறை. பச்சை வளையம் வெளியே, மெஸ்டோம் உள்ளே. கோரையில் அதே இரண்டு உறுப்புகள் இடம் மாறிக்கொண்டு, மெஸ்டோம் வெளியே, பச்சை உள்ளே. செய்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். பெரிய கற்றைகளைக் கூர்ந்து பார்த்தால் இன்னொரு நுட்பமும் தெரியும். உள்வளையம் முழுவட்டமாக ஓடாது. சைலத்தின் இரண்டு பெரிய குழாய்களும் இடமும் வலமும் மெஸ்டோம் உறையைத் தொட்டுக்கொண்டு நிற்பதால் பச்சை வளையம் அந்த இரண்டு இடங்களிலும் அறுபட்டு, இரண்டு வில்களாக நிற்கும். சிறு கற்றைகளில் அந்தப் பெரிய குழாய்கள் இல்லை, அங்கே வட்டம் முழுமை. ஒரே இலைக்குள் ஒரு கற்றையில் முழுவட்டமும் பக்கத்துக் கற்றையில் அறுந்த வட்டமும் மாறி மாறி வருவதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது.

இந்த வளையம் எதற்காக என்பது வெகுகாலம் தெரியவில்லை. ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹாபர்லாண்ட் 1880-களிலேயே இந்த அமைப்பை விளக்கி எழுதினார். அவராலும் காரணத்தை ஊகிக்கத்தான் முடிந்தது. 1966-இல் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பிலையில் நான்கு கார்பன் அமிலங்களின் வழியை வகுத்துச் சொன்ன பிறகுதான் அது விளங்கியது. வெளியே இருக்கிற பசுந்திசு காற்றிலுள்ள கரியமில வாயுவை நான்கு கார்பன் அமிலமாகப் பிடிக்கிறது. அமிலம் உள்ளே கடந்து கிரான்ஸ் வளையத்துக்குப் போகிறது. அங்கே வாயு மீண்டும் விடுபட்டு, செறிந்து, சர்க்கரையாகிறது. ஃபுளோயம் அடுத்த செல்லிலேயே இருப்பதால் சர்க்கரை தொலைவு போகவேண்டியதில்லை. கோரையில் அந்த அமிலம் மெஸ்டோம் உறையை ஊடுருவித்தான் உள்ளே போகவேண்டும். உறையின் தடித்த சுவரில் சூபெரின் படலம் ஒன்று உண்டு, வாயு கசிந்து வெளியேறாமல் அது தடுக்கிறது. சுவர்களை நுண்ணிய இழைவழிகள் துளைத்துச் செல்கின்றன, அமிலம் அவற்றின் வழியே போகிறது. விடவேண்டியதை விட்டு, தடுக்கவேண்டியதைத் தடுக்கிற இப்படியொரு சுவரைக் குறுக்குவெட்டில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடாகப் பார்க்கிறோம்.

வளையத்தின் வேலை தெரிவதற்கு எழுபது ஆண்டுகள் முன்பே அதன் வகைப்பாட்டு மதிப்பைக் கண்டுகொண்டவர் சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் ரிக்லி. 1895-இல் அவர் கோரைக் குடும்பத்தின் ஒப்பீட்டு உள்ளமைப்பைப் பற்றி எழுதியபோது, உள்ளே இருக்கிற அந்தப் பச்சை வளையத்தை, அவர் சொல்லில் உள் பாரன்கைமா உறையைத்தான், தனிக் கவனத்துக்கு எடுத்துக்கொண்டார். உள்ளுறை உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை இன்னொரு பக்கம் என்று பிரித்து, உள்ளவற்றுக்குக் குளோரோசைபரஸ் என்ற பேரினத்தையும் வகுத்தார். அவர் கணக்கில் வயலில் அருகருகே நிற்கிற டிஃபார்மிஸும் இரியாவும் ஒரே பேரினத்தில் இருக்க முடியாது. பூவைப் பார்த்து வகுத்தவர்கள் இதை ஏற்கவில்லை. அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. வயலில் நின்றுகொண்டு உள்வளையத்தைப் பார்க்க முடியாது, பேரினம் ஒன்றைப் பிரித்தால் அதைக் கையிலெடுத்து அடையாளம் காண வழி இருக்கவேண்டும் என்பார்கள். குளோரோசைபரஸ் என்ற பெயர் வழக்கில் நிலைக்கவில்லை.

அந்தப் பிரிவின் உண்மையை லிப்போகார்ஃபா என்ற சிறு கோரை நன்றாகக் காட்டுகிறது. தென்னிந்தியாவின் ஈரநிலங்களிலும் வளர்வது. அதன் பூத்தலையில் செதில்கள் சுருள் வரிசையில் அடுக்கியிருக்கும், ஒவ்வொரு பூவையும் மெல்லிய கண்ணாடிச் செதில் இரண்டு மூடியிருக்கும். சைபரஸுக்கு உரிய இரண்டு வரிசை உமி அங்கே தென்படாது. செதில்களைப் பார்த்து இதை மழைக்காட்டுக் கோரையான ஹைப்போலைட்ரத்தின் பக்கத்தில் வைத்த காலமும் உண்டு. இலையைச் சீவினால் மெஸ்டோம் வெளியே, பச்சை வளையம் உள்ளே. இரியாவின் இலையில் பார்த்த அதே வரிசை. ஹைப்போலைட்ரத்தில் கிரான்ஸ் வளையமே கிடையாது. லிப்போகார்ஃபாவின் பூத்தலை எவ்வளவு மாறியிருந்தாலும் இலை தன் கிளையைச் சொல்லிவிட்டது.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் இஸபெல் லாரிடனும் உடனிருந்தவர்களும் சைபரஸின் டிஎன்ஏவை ஒப்பிட்டு 2011-லும் 2013-லும் எழுதிய ஆய்வுகள் இதற்கு முடிவு சொல்லின. கிரான்ஸ் வளையமுள்ள சைபரஸ் அனைத்தும் ஒரே கிளை. பூவை வைத்துத் தனிப் பேரினங்களாகப் பிரித்திருந்த கில்லிங்கா, பைக்ரியஸ், லிப்போகார்ஃபா எல்லாம் அந்தக் கிளைக்குள்ளேயே முளைத்தவை. வளையமில்லாத சைபரஸ் அதன் அடியில் பல கிளைகளாக நிற்கின்றன. இப்போது அவை யாவும் சைபரஸ் என்ற ஒரே பெரும் பேரினத்தில், சுமார் 950 இனங்களாக, சேர்ந்திருக்கின்றன. உழவருக்குத் தலைவலியான முத்தக்காசும், எகிப்தின் பப்பைரஸும் வளையமுள்ள கிளை. அழகுக்காக வீட்டுத் தொட்டியில் வைக்கிற சைபரஸ் ஆல்டர்னிஃபோலியஸ் வளையமில்லாத பக்கம். பெயர் வேறு என்பதைத் தவிர, சைபரஸின் நடுவே ரிக்லி போட்ட கோடு நூறாண்டுக்குப் பிறகும் அதே இடத்தில் நிற்கிறது. ஒரு செல் அடுக்கின் இடத்தைப் பார்த்து இவ்வளவு சரியாகச் சொல்லமுடிந்தது என்பதை நினைத்தால் அந்த மனிதரின் கண்ணை வணங்கத் தோன்றுகிறது.

ஆனாலும் வளையம் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு உறவு சொன்னால் தவறிவிடும். கோரைக் குடும்பத்தில் இந்த அமைப்பு குறைந்தது ஐந்து தடவை தனித்தனியே தோன்றியிருக்கிறது என்பது இன்றைய கணிப்பு. எத்தனை வளையம், எது எதற்கு உள்ளே என்ற வரிசைதான் கிளையைக் காட்டும். சைபரஸின் இரண்டு வளையமும் ஃபிம்ப்ரிஸ்டைலிஸின் மூன்று வளையமும் தனித்தனித் தொடக்கங்கள். ஃபிம்ப்ரிஸ்டைலிஸின் உறவான பல்போஸ்டைலிஸும் மூன்று வளையக் கூட்டத்தில்தான். ரிங்கோஸ்போரா இன்னொரு வழி போனது. அதில் பெரும்பாலான இனங்களுக்குக் கிரான்ஸ் கிடையாது. ரிங்கோஸ்போரா ரூப்ரா போன்ற சிலவற்றில் மட்டும் உண்டு, அங்கே கற்றையைச் சுற்றி ஒரே வளையம். மெஸ்டோம் உறை நிற்கவேண்டிய இடத்தில் பச்சைச் செல்களே நின்று, பசுந்திசுவை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரே தேவைக்கு ஒரே குடும்பம் பல விதமாகக் கட்டிக் காட்டியிருக்கிறது. 1977-இல் இந்தச் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் பசுங்கணிகங்களின் உட்படலங்கள்கூட வகைக்கு வகை வேறுபடுவதைக் கண்டார்கள். கட்டடம் மட்டுமல்லாமல் செங்கல்லும் வேறு என்று அறியும்போது தனித்தனித் தொடக்கம் என்ற முடிவு இன்னும் உறுதியாகிறது.

கேரெக்ஸ் பேரினத்துக்கு இந்தச் சான்று உதவாது. ஏறத்தாழ 2,000 இனங்கள், ஒன்றில்கூடக் கிரான்ஸ் வளையம் இல்லை. அங்கே இலையின் வெட்டுருவம், புறத்தோல் செல்களின் மேடு, இலைத்துளையின் இடம் இவற்றைத்தான் பார்க்கவேண்டும்.

எலியோகாரிஸில் நடப்பதைச் சற்று நின்று பார்க்கத்தான் வேண்டும். இந்தப் பேரினத்தில் இலை என்று சொல்ல வெறும் உறைதான் மிஞ்சியிருக்கிறது. ஒளிச்சேர்க்கையைத் தண்டே செய்கிறது, ஆகவே சீவவேண்டியதும் தண்டைத்தான். அமெரிக்காவின் ஃபுளோரிடாப் பகுதியில் வளரும் எலியோகாரிஸ் விவிபாரா நிலத்தில் நிற்கும்போது ஒரு தண்டு, நீருக்குள் மூழ்கும்போது வேறொரு தண்டு விடுகிறது. ஜப்பானின் உவேனோவும் குழுவினரும் 1988-இல் இதைச் சொன்னார்கள். நிலத்துத் தண்டு நிமிர்ந்து தடித்தது. அதில் கிரான்ஸ் வளையம் நன்றாக வளர்ந்திருக்கும், வேலையும் நான்கு கார்பன் வழியில். நீருக்குள் விடுகிற தண்டு மயிரிழை அளவுக்கு மெலிந்தது. அதில் கிரான்ஸ் செல்கள் சிறுத்துக் குறைந்திருக்கும், வேலை வளையம் வேண்டாத மூன்று கார்பன் வழிக்கு மாறிவிடும். ஒரே செடி, ஒரே வேர். மூழ்கிய செடிக்கு அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோனைக் கொடுத்தால் நீருக்குள்ளேயே நிலத்துத் தண்டின் அமைப்பு வந்துவிடுகிறது என்பதையும் உவேனோ பின்னர் காட்டினார். உள்ளமைப்பைக் கொண்டு வகுப்பவர் செடி நின்ற இடத்தையும் குறித்துவைக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

வளையத்தை விட்டு வெளியே புறத்தோலுக்கு வருகிறேன். கோரை இலையின் மேல்தோலை உரித்துப் பரப்பிப் பார்த்தால் செல்கள் நீளவாக்கில் ஓடும் வரிசைகளாகத் தெரியும். சில வரிசைகளில் இலைத்துளைகள் இருக்கும். பல கோரைகளில் அவை இலையின் அடிப்பக்கத்தில் மட்டுமே. உள்ளே நார்த்திசுப் பட்டை ஓடுகிற இடத்துக்கு நேர்மேலே உள்ள வரிசையில் இலைத்துளை இராது. அங்கே ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சிலிக்காக் கூம்புகள் இருக்கும். கூம்பின் அடிப்பகுதி செல்லின் உட்சுவரில் பதிந்து, முனை வெளிப்பக்கம் நோக்கும். மேலிருந்து பார்க்கையில் சிறு வட்டம், அதன் நடுவே ஒரு புள்ளி. இலை நெடுகிலும் அவை வரிசை தப்பாமல், கோலத்துக்கு வைத்த புள்ளிகளாக, ஒன்றன்பின் ஒன்று போய்க்கொண்டிருக்கும். சில இனங்களில் பெரிய கூம்பைச் சுற்றிக் குட்டிக் கூம்புகளும் இருக்கும். ஒரு செல்லுக்கு எத்தனை கூம்பு, குட்டிக் கூம்பு உண்டா இல்லையா என்பதெல்லாம் இனங்களைப் பிரிக்க உதவும்.

புல்லின் சிலிக்காவும் புறத்தோலில்தான், ஆனால் அதன் உருவம் டம்பெல், சேணம், சிலுவை என்று வேறு. புல்லும் கோரையும் போலத் தோன்றுகிற ஜங்கஸ் குடும்பத்துக்குச் சிலிக்காப் படிவே கிடையாது. ஒரு நகக்கண் அளவு தோல் போதும், மூன்று குடும்பத்தையும் பிரித்துவிடலாம். செடி மக்கி மண்ணானாலும் இந்தக் கூம்புகள் அழியாமல் மண்ணில் தங்குகின்றன. தொல்லியல் அகழ்வுகளில் மண்ணைக் கழுவிச் சலித்துப் பார்ப்பவர்கள் அங்கே கோரை வளர்ந்ததையோ, கோரை கொண்டுவந்து பயன்படுத்தப்பட்டதையோ இவற்றைக் கொண்டே சொல்கிறார்கள். சீவுகிறவருக்கு இதே சிலிக்கா தொல்லைதான், கத்தியின் கூர் சீக்கிரம் மழுங்கிவிடும். ஆய்வகங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சிலிக்காவைக் கரைத்துவிட்டுச் சீவுவதும் உண்டு. அது ஆபத்தான அமிலம், பழகியவர்களின் வேலை.

தண்டின் குறுக்குவெட்டில் முதலில் கண்ணைப் பிடிப்பது உருவம். கூர்மூலை முக்கோணம், மழுங்கிய முக்கோணம், வட்டம், தட்டை என்று பல. புறத்தோலுக்கு அடியில் நார்த்திசுப் பட்டைகள் இடைவெளி விட்டு நிற்கும். அவற்றுக்கு நடுவே பசுந்திசு, அதையடுத்துச் சிறு கற்றைகள். வளையமுள்ள இனத்தில் தண்டின் இந்த ஓரக் கற்றைகளிலும் வளையம் தெரியும். நடுவில் வெளிறிய தளத்திசு, அதில் பெரிய கற்றைகள் சிதறிக்கிடக்கும். நீரில் நிற்கிற இனங்களில் தளத்திசு உடைந்து காற்றறைகள் ஆகியிருக்கும். எலியோகாரிஸ் டல்சிஸ் தண்டைக் கையால் அழுத்தினாலே உள்ளே குறுக்குத் தடுப்புகள் இருப்பது தெரியும். ஷீனோப்ளெக்டஸின் காற்றறைகளில் நட்சத்திரச் செல்களைக் காணலாம். ஒவ்வொரு செல்லும் பல கைகளை நீட்டி அடுத்த செல்லின் கைநுனியை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், மற்ற இடமெல்லாம் காற்று. பார்க்க மிக அழகு. ஆனால் காற்றறையின் அகலம் நீரின் ஆழத்தைப் பொறுத்து மாறக்கூடியது, அதை மட்டும் நம்பி இனம் சொல்லக்கூடாது. வளைய வரிசைக்குத் தருகிற நம்பிக்கையைக் காற்றறைக்குத் தருவதற்கில்லை.

பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள் இந்தக் குறுக்குவெட்டை வேறு வழியில் அறிந்திருக்கிறார்கள். தாமிரபரணிக் கரைக் கோரையின் தண்டைப் பிளந்து, உட்சோற்றை நீக்கிவிட்டு, ஆற்றுநீரில் ஊறவைத்து, மெல்லிய கீற்றுகளாக்கித்தான் பட்டுப்பாய் நெய்கிறார்கள். அவர்கள் நீக்குவது காற்றும் தளத்திசுவும் நிறைந்த நடுப்பகுதி. வைத்துக்கொள்வது புறத்தோலும் அதன் அடியில் ஓடும் நார்த்திசுப் பட்டையும். பாயின் மழமழப்பும் உறுதியும் அந்த ஓர அடுக்கிலிருந்து வருவது. பழைய எகிப்தியர் இதற்கு நேர்மாறாகப் பப்பைரஸின் மேல்தோலை உரித்து எறிந்துவிட்டு உட்சோற்றைப் பட்டைகளாக அரிந்து ஏடு செய்தார்கள். அந்த ஏடுகளில் வெளிச்சம் பட்டால் தெரிகிற நெருங்கிய கோடுகள் சோற்றுக்குள் ஓடிய சாற்றுக்குழாய்க் கற்றைகள்தாம்.

கோரையின் உள்ளமைப்பை முழுக் குடும்பத்துக்கும் தொகுத்துத் தந்த பெரிய நூல் லண்டன் கியூ தோட்டத்தின் ஜோட்ரல் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மெட்காஃப் எழுதியது, 1971-இல் வந்தது. இலையின் நடு, தண்டின் நடு என்று எல்லாச் செடியையும் ஒரே இடத்தில் சீவிப் பார்த்ததால்தான் ஒப்பிட முடிந்தது. அந்நூலுக்கு முன்பே, 1960-களில், சென்னை மாநிலக் கல்லூரியின் ஈ. கோவிந்தராஜலு தென்னிந்தியக் கோரைகளின் உள்ளமைப்பைப் பேரினம் பேரினமாக ஆராய்ந்து லண்டன் லின்னேயன் கழகத்தின் இதழில் தொடராக எழுதிவந்தார். பல்போஸ்டைலிஸ், ஃபுய்ரீனா, சைபரஸின் பிரிவுகள் என்று அது நீண்டது. ரிங்கோஸ்போராவில் அதுவரை சொல்லப்படாத சிலிக்காப் படிவுகளையும் அவர் கண்டு எழுதினார். நம் குளத்தங்கரைகளிலும் மலைச் சரிவுகளிலும் கிடைக்கிற செடிகளை இவ்வளவு பொறுமையாகச் சீவி, வரைந்து, ஒப்பிட்ட ஒருவரைத் தாவரவியல் படித்த நம்மவர்களிலேயே பலர் அறியாமல் இருப்பது எனக்கு மனவருத்தம் தருகிறது. அவர் பெயர் கல்லூரிப் பாடத்தில் இருக்கவேண்டும்.

இந்த வழியின் நடைமுறைப் பயனும் சிறிதல்ல. பூக்காத கோரையைப் பூவை வைத்து வகுப்பவர் தொடமுடியாது, உள்ளமைப்பைப் பார்ப்பவர் பேரினம் வரைக்குமாவது நெருங்கிவிடுவார். உலர்தாவரத் தொகுப்பில் பல பத்தாண்டுகளாகக் காய்ந்துகிடக்கிற இலைத்துண்டையும் வெந்நீரில் கொதிக்கவைத்தால் செல்கள் மீண்டும் விரிந்துகொடுக்கும். வளையமும் கூம்பும் அப்படியே இருக்கும்.

தாவரவியல் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒருவித்திலைத் தண்டு என்றால் மக்காச்சோளம் ஒன்றையே ஆண்டுதோறும் சீவிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அடுத்த செய்முறை வகுப்புக்கு நெல்வயலிலிருந்து டிஃபார்மிஸ், இரியா, ஃபிம்ப்ரிஸ்டைலிஸ் மூன்றையும் பிடுங்கிவரச் சொல்லுங்கள். மூன்றின் இலையையும் ஒரே கண்ணாடித் தகட்டில் வரிசையாக வைத்து, கற்றையைச் சுற்றிப் பச்சை எந்த வளையத்தில் இருக்கிறது என்று மாணவர்களையே பார்த்து வரையச் சொல்லுங்கள். செலவு ஒரு பிளேடும் ஒரு கேரட்டும்தான்.